யார்க் மதிலில் ஒரு மண்டலம்

1

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்குகிறது. வருகிறவர்கள் யாருடைய பட்டமோ என்று நினைத்துக் கிட்டே போய்ப் படிப்பார்கள். என் மகள் யாழினியின் வகுப்பு ஆசிரியை எழுதி அனுப்பிய குறிப்பு அது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'யாழினி வகுப்பில் அளவுக்கு மீறிப் பேசுகிறாள். பக்கத்தில் இருப்பவர்களின் கவனம் கெடுகிறது. பெற்றோர் வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும்.'

நாங்கள் எடுத்துச் சொல்லவில்லை. சட்டம் போட்டோம்.

இது 2012. யாழினிக்கு ஏழு வயது. போன வாரம் அதே பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை வகுப்பு மொத்தமும் யார்க் நகரத்தின் கோட்டை மதில் மேல் நடந்து போய் வரலாற்றுச் சின்னங்களைப் பார்க்கப் போகிறதாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒன்றிரண்டு பெற்றோர் கூட வந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். ஒரு வரைபடமும் வைத்திருந்தார்கள். யாழினி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மதிலை இடமாகச் சுற்றும்படி வரைந்திருந்தது.

என் மனைவி செல்விக்கு அன்று ஆஸ்பத்திரியில் டூட்டி. நான் வருவதாகக் கையெழுத்துப் போட்டேன். யாழினி பேனாவையும் என்னையும் பார்த்தாள்.

"நீயா வர்ற?" என்றாள். இதைத் தமிழில்தான் கேட்டாள். முக்கியமான விஷயம் என்றால் அவளுக்கு இன்னும் தமிழ்தான் வருகிறது.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இதுவரை அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாக எழுதிவிடுகிறேன்.

2

நான் கடலூர் முதுநகர்க்காரன். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்தில் கரும்புச் சாறு சோதிக்கிற வேலையில் இருந்தேன். 2004இல் கல்யாணம். செல்விக்குச் சிதம்பரம் வடக்கு வீதி. நர்ஸ் வேலை. அடுத்த வருடம் யாழினி பிறந்தாள். அதற்கு அடுத்த வருடம் செல்விக்கு யார்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விசா படிவத்தில் அவள் பெயருக்குக் கீழே என் பெயரும், அதற்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்ற பொருளில் ஒரு சொல்லும் இருந்தன. செல்வியின் அண்ணன் குமார், சிதம்பரம் மேல வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், அந்தப் படிவத்தை நகல் எடுத்துக்கொண்டே படித்தார்.

"கரெக்டாதான் போட்ருக்கான் மாப்ள" என்றார்.

யார்க்கில் எனக்கு ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற இடத்தில் வேலை. பெட்டி எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக, மொலாசஸ் வாடையிலிருந்து சாக்லேட் வாடைக்கு வந்தேன். அம்மாவிடம் இதைப் பதவி உயர்வு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

யார்க் மதில் சூழ்ந்த ஊர். மதில் என்றால் இடிந்து கிடக்கிற மதில் இல்லை. மேலே ஏறி நடக்கலாம். சுற்றி வந்தால் மூன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். பெரிய வாசல்கள் நாலு. நடுவில் ஒரு பெரிய தேவாலயம், ஊரில் எங்கே நின்றாலும் அதன் கோபுரம் தெரியும். உலகத்தில் எங்கெங்கிருந்தோ வந்து இதைப் பார்க்கிறார்கள். நாங்கள் இரண்டு வருடம் அந்த மதிலுக்கு வெளியே குடியிருந்துகொண்டு ஒரு நாள்கூட ஏறவில்லை. தேர் ஓடுகிற வீதியில் வீடு இருக்கிறவன் தேர் பார்க்க அவசரப்படுவதில்லை.

3

மூன்றரை வயதாகியும் யாழினிக்குப் பேச்சு வரவில்லை. குறைந்த பேச்சு, திக்குகிற பேச்சு என்று எதுவும் இல்லை. பேச்சே இல்லை. காது நன்றாகக் கேட்டது, சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சொன்னதெல்லாம் புரிந்தது. அப்பா செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வந்து இடது வலது மாறாமல் வைப்பாள். சிரிப்பாள், அழுவாள், கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துவாள். வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வராது. யாழினி என்று ஆசையாகப் பேர் வைத்தவன் நான். யாராவது அவள் பேரைக் கேட்டால் எனக்கு வாய் கூசும்.

செல்வி டூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவள் எதிரே உட்கார்ந்து, "அம்மா சொல்லு. அ... ம்மா" என்பாள். யாழினி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, பரவாயில்லை என்பதுபோல அம்மாவின் கன்னத்தைத் தட்டிக் கொடுப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். அந்த வருடம் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் புதுசு மாதிரி இருந்தன.

குழந்தைகளின் பேச்சைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போனோம். பதினான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். குழந்தை எத்தனை சொற்கள் பேசுகிறது என்று ஒரு கேள்வி. ஐம்பதுக்கு மேல், பத்திலிருந்து ஐம்பது, பத்துக்குக் கீழ் என்று மூன்று கட்டங்கள். ஒன்றும் இல்லை என்பதற்குக் கட்டம் இல்லை. பத்துக்குக் கீழ் என்பதில் டிக் அடித்தேன். அது பொய்யும் இல்லை.

அங்கே இருந்த பெண்மணி தங்கமான மனுஷி. யாழினியோடு தரையில் உட்கார்ந்து படம் காட்டி விளையாடினாள். கடைசியில் எங்களிடம், இரண்டு மொழி குழந்தைக்குப் பாரமாக இருக்கலாம், வீட்டில் ஒரே மொழி பேசிப் பாருங்கள், பள்ளிக்கூடம் போகப் போகிறவள், அது ஆங்கிலமாகவே இருக்கட்டும் என்றாள். இப்போது அந்த மாதிரி அலுவலகங்களில், எத்தனை மொழி பேசினாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்று தாள் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அது 2008. நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

அன்று சாப்பிடும்போது செல்வி கரண்டியோடு நின்று, "வுட் யூ லைக் சம் மோர் ரசம்?" என்றாள்.

"எஸ் ப்ளீஸ்" என்றேன். கல்யாணமாகி நாலு வருடத்தில் நான் ரசத்துக்கு ப்ளீஸ் சொன்னது அன்றைக்குத்தான்.

இப்படியே போயிற்று. எங்கள் இரண்டு பேருக்கும் வேலை செய்கிற அளவுக்கு ஆங்கிலம் தெரியும். சண்டை போடுகிற அளவுக்குத் தெரியாது. செல்விக்கு என் மேல் ஆத்திரம் வந்தால் "ஐ ஆம் நாட் ஹேப்பி" என்பாள். நான் "சாரி" என்பேன். மேற்கொண்டு போக வழியில்லாமல் அதோடு நின்றுவிடும். அக்கம்பக்கத்தில் எங்களை ரொம்ப ஒற்றுமையான தம்பதி என்று பேசிக்கொண்டார்கள்.

4

வீட்டுக்குள் தமிழ் பேசக் கூடாது என்பதால், குமார் மச்சானோடு போன் பேச வேண்டுமென்றால் செல்வி கோட்டு மாட்டிக்கொண்டு பின்கட்டுத் தோட்டத்துக்குப் போவாள். கொட்டுகிற குளிரில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடந்துகொண்டே பேசுவாள். நானும் குல்லாய் போட்டுக்கொண்டு கூட நிற்பேன்.

"அந்தக் காலத்துல ஊமப் பொண்ணு வாயத் தொறந்து பேசுன ஊரு நம்ம சிதம்பரம்" என்றார் குமார். "ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, புள்ளயத் தூக்கிக்கினு நாலு வீதியும் வலம் வா. பேசலன்னா என்ன கேளு."

"நான் எங்க வந்து நாலு வீதி சுத்தறது? லீவு யாரு குடுப்பாங்க?"

"அங்க ஏதோ கோட்ட மதிலு இருக்குன்னு மாப்ள சொன்னாரே. நாலு வாசல் இருக்கா?"

"இருக்கு."

"நடுவுல கோயிலு இருக்கா?"

"சர்ச்சு இருக்குண்ணா. ரொம்பப் பெருசு."

"அவுங்க சாமி மட்டும் என்னா, புள்ள பேச வேணாம்னா சொல்லப் போவுது? நாலு வாசல், நடுவுல கோயிலு. அப்புறம் என்னா? சுத்து."

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நகல் எடுப்பதில் தயக்கம் கிடையாது. விதிகளையும் அவரே சொன்னார். கோயில் எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். ஆரம்பித்த சுற்றைப் பாதியில் விடக் கூடாது, விட்டால் அந்த நாள் கணக்கில் வராது. அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருத்தர் போதும், ஆனால் புள்ள கூட இருக்க வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் படிவம் பதினான்கு பக்கத்தை நம்பி நிரப்பியவன், இதை மட்டும் எப்படி வேண்டாம் என்பேன்? கார்த்திகை பிறந்ததும் ஆரம்பித்தோம். மார்கழித் திருவாதிரைக்குள் முடிந்துவிடும் என்று செல்வி கணக்குப் போட்டாள். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிவப்பு வட்டம் போட்டாள். சுற்றி முடித்தவர் வந்து டிக் அடிக்க வேண்டும்.

முதல் நாள் மதில் படியில் ஏறியதும், "யாழினி, அங்க பாரு, எவ்ளோ பெரிய கோபுரம்!" என்றாள் செல்வி. நான் திடுக்கிட்டுப் போய், தமிழ் பேசக் கூடாதே என்று ஆங்கிலத்தில் ஞாபகப்படுத்தினேன்.

"வீட்லதான பேசக் கூடாதுன்னாங்க. மதிலு என்னா வீடா?" என்றாள்.

மூன்றரைக் கிலோமீட்டரும் அவள் வாய் ஓயவில்லை.

5

மங்க் பார் என்பது வடகிழக்கு வாசல். இந்த ஊரில் கோட்டை வாசலைத்தான் பார் என்கிறார்கள். எங்கள் வீடு அதற்கு வெளியே என்பதால் அங்கேதான் ஏறுவோம். செல்வி அதற்குக் கீழ வாசல் என்று பேர் வைத்தாள். அதன் உச்சியில் கற்சிலைகள் கையில் பாறாங்கல்லோடு நிற்கும், கீழே வருகிறவன் தலையில் போடத் தயாராக. யாழினி தினமும் அவர்களுக்குக் கையாட்டுவாள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மதில் நின்றுவிடும். பழைய காலத்தில் அந்த இடம் பெரிய ஏரியாம், தண்ணீரே காவல் என்று மதில் கட்டவில்லையாம். இப்போது ஏரியும் இல்லை, கடைகளும் கார் நிறுத்துகிற இடமும்தான். அதையும் விடாமல் நடந்தோம். குளத்தைச் சுற்றினாலும் புண்ணியம்தான் என்றாள் செல்வி. மறுபடி ஒரு செங்கல் கோபுரத்தில் மதில் ஆரம்பித்து வாம்கேட் பார் வரும். அது தெற்கு வாசல். முன்னால் இரட்டைச் சுவர், பின்னால் தூண்களில் நிற்கிற ஒரு மரவீடு. பழைய சண்டை ஒன்றில் பீரங்கிக் குண்டு பட்ட தழும்பு சுவரில் இன்னும் இருப்பதாகக் காட்டுவார்கள்.

அந்தத் தழும்பை ஒரு வழிகாட்டி சுற்றுலாக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எங்கள் கடலூரிலும் உங்கள் ஆட்கள் கோட்டை வாங்கினார்கள், நாலு பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த இடம் வரைக்கும் எங்களுடையது என்றார்கள், குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஒரு ஊர் இருக்கிறது என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கோட்டை இப்போது எப்படி இருக்கிறது என்றார். தேவனாம்பட்டினத்தில் ஆற்றோரமாகக் கொஞ்சம் சுவர் இருக்கிறது என்றேன். பராமரிப்பு முக்கியம் என்றார் அவர்.

தெற்கு வாசலுக்குப் பிறகு மேட்டின் மேல் வட்டக் கோட்டை, ஆற்றுப் பாலம், பாலத்தடியில் வாத்துக் கூட்டம். பிறகு மிக்கிள்கேட் பார், அது மேல வாசல். ராஜத் துரோகிகளின் தலையை வெட்டி அதன் உச்சியில் செருகி வைப்பார்களாம். செல்வி யாழினியிடம் அதைச் சொல்லவில்லை, ரயில் காட்டினாள். அந்த இடத்தில் மதிலில் இருந்தே ரயில் நிலையம் தெரியும். மறுபடி ஒரு பாலம், பிறகு பூத்தம் பார். வடக்கு வாசல். எங்க வீதி என்பாள் செல்வி. அங்கிருந்து கீழ வாசல் வரை தேவாலயம் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வரும். அந்தப் பகுதியில் மட்டும் அவள் பேச்சை நிறுத்திவிட்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். யாழினியும் அவளைப் பார்த்து உதட்டை அசைப்பாள், சத்தம் வராது.

ஒரு நாள் உறைபனி. மதில் வழுக்கும் என்று நகராட்சி ஆள் கதவைப் பூட்டிவிட்டார். செல்வி அவரிடம் தன் வேண்டுதலை விளக்கப் பார்த்தாள். அவர் நாய்களுக்கும் அனுமதி இல்லை என்ற பலகையைக் காட்டினார், ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தோட்டத்தில் நின்று குமாருக்குப் போன் போட்டோம்.

"மதிலுக்கு வெளியில, அடியில நடங்க. பெரிய சுத்துன்னா புண்ணியமும் ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று நாலரைக் கிலோமீட்டர் ஆயிற்று.

6

செல்விக்குப் பகல் டூட்டி இருக்கிற நாட்களில் நான் யாழினியை அழைத்துப் போக வேண்டும். மதிலில் தள்ளுவண்டி ஏற்ற முடியாது. படி செங்குத்து, நிறைய இடத்தில் உள்பக்கம் கைப்பிடிச் சுவரும் கிடையாது. பாதி தூரம் அவள் நடப்பாள், பாதி தூரம் என் தோளில். இரவெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்த கால். எதிர்க்காற்று. இதையெல்லாம் சொல்வது, அடுத்து எழுதப் போவதற்கு முன்னால் உங்கள் இரக்கத்தைச் சம்பாதித்துக்கொள்ளத்தான்.

தெற்கு வாசலில் இறங்கினால் பக்கத்திலேயே பஸ் நிறுத்தம்.

முதல் தடவை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மூச்சு வாங்க நின்றேன், மாடி பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. நானாகக் கூப்பிடவில்லை. யாழினிக்கு மாடியில் முன் சீட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வந்தாள். இறங்கி, நேரம் போக வேண்டுமே என்று சிப்ஸ் வாங்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் வாயைத் துடைத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத, என்ன?" என்றேன். பேசாத பிள்ளையிடம் இதைச் சொன்ன தகப்பன் வேறு யாராவது இருக்கிறானா என்று தெரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து காலண்டரில் டிக் அடித்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு நாள் அதே மாதிரி. நடுவில் ஒரு நாள் அடைமழை வேறு. கீழ வாசல் வளைவுக்குள் அரை மணி நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு, குழந்தைக்கு எதிர்க் கடையில் சூடாகப் பால் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்துவிட்டேன். அந்த மழையில் யாராலும் ஏற முடியாது, அதை யாரும் ஏமாற்று என்று சொல்ல மாட்டார்கள். ஆக மொத்தம் மூன்று நாள்.

7

நாற்பத்தெட்டாவது நாள் எனக்கு லீவு, செல்வியும் டூட்டி மாற்றி வாங்கியிருந்தாள். மூன்று பேரும் சுற்றினோம். சிதம்பரத்தில் தேர் நாள் என்று குமார் போன் செய்து கூட்டத்தின் சத்தத்தைக் கேட்க வைத்தார். கீழ வாசலில் இறங்கியதும் செல்வி முழங்காலில் உட்கார்ந்து யாழினியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா சொல்லு" என்றாள்.

யாழினி உதட்டைப் பார்த்தாள். கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

செல்வி எழுந்து கோட்டின் பட்டன்களைச் சரியாகப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து காலண்டரில் கடைசி டிக்கை அவளே அடித்தாள். "எல்லா நாளும் கரெக்டாதான செஞ்சோம்?" என்று கேட்டாள். வீட்டுக்குள் தமிழில். நான் விதியை ஞாபகப்படுத்தவில்லை. ஆமாம் என்றேன்.

எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன், அது உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து அந்தக் காலண்டரைப் பார்க்க முடியாமல் போயிற்று. மூன்று டிக் மட்டும் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தை போய், மாசி போய், பங்குனியும் போயிற்று. யாழினிக்கு நாலு வயது முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பேர் கொடுக்கிற படிவத்தில் மறுபடி அதே கட்டங்கள். ஒருவேளை என்னால்தானோ என்று தொழிற்சாலையில் பெட்டி எடை பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றும். ஒரு கிராம் குறைந்தாலும் பெட்டியைத் தள்ளிவிடுகிற ஆள் நான்.

8

2009 மே மாதம் ஊருக்கு வந்தோம். நகல் பலிக்கவில்லை, அசலையே சுற்றிவிடலாம் என்று செல்வி முடிவு செய்திருந்தாள். சிதம்பரத்தில் நாலு வீதியும் ஒரே ஒரு சுற்று, வெறும் காலில், மூன்று பேருமாக.

விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கரண்ட் போய் மோட்டார் ஓடாமல், குளித்து, குமார் மச்சான் வீட்டு இட்லியை மறுக்க முடியாமல், கீழ வீதி தேரடியில் போய் நின்றபோது பத்தரை. தார் இளகத் தொடங்கியிருந்தது. சின்னப் பிள்ளைக்கு மட்டும் செருப்பு இருக்கலாம் என்று குமார் சலுகை கொடுத்தார். அவர் தண்ணீர் பாட்டிலோடு டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் சுற்ற வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி. கடைப் பந்தல் நிழல் இருக்கிற இடத்தில் மெதுவாகவும் இல்லாத இடத்தில் ஓட்டமாகவும் போனேன். யாழினி என் தோளில். செல்வி ஐம்பதடி முன்னால், உதட்டை அசைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். மேல வீதி முனை வந்தபோது என் உள்ளங்கால் கொப்புளித்துவிட்டது. ஒரு ஆட்டோ மெதுவாகப் பக்கத்தில் வந்தது. வடக்கு வீதி மட்டும்தானே, முனைக்கு முன்னால் இறங்கிக்கொண்டால் போயிற்று, குழந்தை அழுதாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பழக்கம் யாரை விட்டது? கையைக் காட்டி, ஒரு காலை ஆட்டோவில் வைத்தேன்.

"வேணாம்."

நான் டிரைவரைப் பார்த்தேன். "நான் ஒண்ணும் சொல்லல சார்" என்றார் அவர்.

"வேணாம்ப்பா. நடக்கணும்."

சத்தம் என் தலைக்கு மேலே இருந்து வந்தது. கொஞ்சம் கரகரத்த குரல். செல்வியின் குரலைச் சின்னதாக்கியது மாதிரி இருந்தது. பின்னால் டிவிஎஸ் ஃபிஃப்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. "செல்வீ! செல்வீ!" என்று குமார் கத்தினார். யாழினியை இறக்கித் தரையில் நிறுத்துவதற்குள் செல்வி ஓடி வந்துவிட்டாள்.

"என்னா சொன்ன? எஞ்சாமி, என்னா சொன்ன?"

யாழினி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆட்டோவைப் பார்த்தாள்.

"அப்பா நடக்க மாட்டாரு" என்றாள். "தெக்கு வாசல்ல எறங்கிடுவாரு. மாடி பஸ்ஸுல போவோம். சிப்ஸ் வாங்கித் தருவாரு." கொஞ்சம் யோசித்து, "அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்று முடித்தாள்.

நான் வீதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடமும் சுட்டது. தேம்பித் தேம்பி அழுதேன். மகள் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள், தெளிவாக, ஒரு சொல் விடாமல், தமிழில். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

செல்வி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நெற்றி, கன்னம், கை என்று முத்தம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஏழு மாதமாக ஆங்கிலத்தில் போட முடியாமல் தேங்கிக் கிடந்த சண்டை மொத்தமும் அன்றைக்கு மேல வீதியில் இறங்கியது.

"அடப்பாவி மனுஷா! வேண்டுதல்ல போயி பஸ்ஸு ஏறுவியா? நீ சொல்லாதன்னதாலதான்டா புள்ள இத்தன நாளா வாயத் தொறக்கல!"

"செல்வி, ரோட்டுல நின்னுக்கினு..." என்றார் குமார்.

"நீ சும்மா இருண்ணா!"

கூட்டம் கூடிவிட்டது. "சார், வரீங்களா இல்லியா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். யாழினிதான் அவருக்குப் பதில் சொன்னாள். வேணாம் என்றாள்.

"எத்தன நாளு?" என்றாள் செல்வி.

"மூணு."

"மூணு சுத்து. இப்பவே. வெறுங்கால்ல."

"வெயிலு ஜாஸ்தியா இருக்கு, சாயங்காலமா..." என்று குமார் ஆரம்பித்தார்.

"இப்பவே."

முதலில் பாதியில் நின்ற சுற்றை முடித்தோம். பிறகு அவர்கள் தேரடி நிழலில் உட்கார்ந்தார்கள், குமார் பன்னீர் சோடா வாங்கி வந்தார், நான் நடந்தேன். முதல் சுற்று முடிந்து அவர்களைக் கடந்தபோது யாழினி வாத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை, கல்லோடு நிற்கிற சிலைகளைப் பற்றி. இவ்வளவையும் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. ஒரு மதில், நாலு வாசல், ரயில், ஆறு எல்லாம் வரிசை மாறாமல் வந்துகொண்டிருந்தன, எல்லாவற்றுக்கும் அம்மா வைத்த பேர்.

மூன்றாவது சுற்று முடித்துவிட்டு எதிரே போய் நின்றேன். நிற்க முடியவில்லை. செல்விக்குக் கோபம் இறங்கியிருந்தது. "போதும் மாமா. வாங்க, கால்ல தண்ணி ஊத்திக்கிங்க" என்றாள்.

யாழினி ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தாள்.

"நாலு" என்றாள்.

"மூணுடா கண்ணு" என்றேன்.

அவள் நாலு விரலைக் காட்டினாள். "மழ. பாலு வாங்கிக் குடுத்த."

செல்வி என்னைப் பார்த்தாள். குமார் பன்னீர் சோடாவைப் பார்த்தார். நான் திரும்பி, தெற்கு வீதிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். பத்தடி போவதற்குள் பின்னால் சின்னச் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. யாழினி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு வர்ற? வெயிலு சுடும், அம்மாகிட்ட போ."

"அம்மாதான் போவச் சொன்னாங்க" என்றாள். "நீ பஸ்ஸு ஏறாம பாத்துக்க."